காப்பித்தூள் விளம்பரமும் ஒரு விண்கலமும்

போன மாதம் கவிநிலா போன் செய்தார். கும்பகோணத்திலிருந்து வரும் ஒரு வார இதழில் நான் முப்பத்தோரு வருடம் தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

"சார், வேற்றுக்கிரகப் படையெடுப்பு சிறப்பிதழ் ஒண்ணு போடறோம். கைபேசியில படிக்கிற மாதிரி, எல்லாக் கதையும் நூறு சொல்லுக்குள்ள. அந்தப் பக்கத்த நீங்கதானே பார்த்துக்கிட்டு இருந்தீங்க? எப்படித் தேர்ந்தெடுக்கிறது, எப்படிச் சுருக்குறதுன்னு எங்க பசங்களுக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன்."

ஓய்வுபெற்றவனிடம் அனுபவம் கேட்பது, பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவனைப் பார்த்துத் தலையாட்டுவது போல. இலை தாண்டி ஓடும்வரை ஊற்றுவான். என் மனைவி மட்டும், "நூறு சொல்லுக்குள்ள எழுதிடுவீங்களா?" என்று கேட்டாள். முடியாதுதான். அடுத்தவர் எழுதியதைத்தான் என்னால் சுருக்க முடியும்.

இந்த வேலைக்கு நான் பெற்ற பயிற்சி விலங்கியல் பட்டம். தவளையை அறுத்த கை கதையையும் அறுக்கும் என்று நம்பி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் வாசகர் கடிதம் பிரித்தேன். மூன்றாம் வருடம் சோதிடருக்கு உடம்பு சரியில்லாதபோதெல்லாம் ராசிபலன் எழுதினேன். என் ராசிக்கு அந்த வருடம் முழுக்க யோகமாகவே இருந்தது. நான்காம் வருடம் விண்வெளியை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

விண்வெளி என்பது அரைப் பக்கம். வாரம் ஒரு விஞ்ஞானக் கதை, முப்பத்திரண்டு வரி. அதற்குக் கீழே விளம்பரம்.

அந்த அரைப் பக்கத்துக்கு டெல்டா முழுவதிலிருந்தும் கதைகள் வந்தன. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, எழுதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பூமியை வேற்றுக்கிரகத்தாரிடம் ஒப்படைப்பதிலேயே குறியாக இருந்தார்கள். கலங்கள் குறுவை வயலில் இறங்கின. நாற்றங்காலில் இறங்கின. கொள்ளிடத்து மணலில் இறங்கின. சீர்காழியிலிருந்து ஒரு கிராம நிர்வாக அலுவலர் எழுதிய கதையில், பூமியைக் கைப்பற்றிய தளபதி முறைப்படி பட்டா மாற்றத்துக்கு மனுக் கொடுக்கிறார். சிட்டா, அடங்கல், வில்லங்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். தளபதி மனம் நொந்து சொந்தக் கிரகத்துக்கே திரும்பிவிடுகிறார். அதைப் போட்ட வாரம் வருவாய்த் துறையிலிருந்து மட்டும் ஏழு பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

எங்கள் ஆசிரியர் தண்டபாணி மேசையில் மூன்று தட்டுகள் வைத்திருந்தார். 'கனவு' என்பது முதல் தட்டு. உலகம் அழிந்து முடிந்ததும் நாயகன் கட்டிலிலிருந்து விழுந்து எழும் கதைகள் அதற்குள் போகும். 'கொசு' இரண்டாவது, நம்மூர்க் கொசுவோ காரக் குழம்போ நகரப் பேருந்தோ எதிரியைத் தோற்கடிக்கும் கதைகள். 'நாமே' என்பது மூன்றாவது. கடைசி வரியில் நாம்தான் வேற்றுக்கிரகவாசிகள் என்று தெரியவரும். எந்தத் தட்டிலும் சேராத கதை வந்தால் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு சற்று நேரம் ஜன்னலைப் பார்ப்பார். அந்தக் கதை அச்சுக்குப் போகும்.

அவர் எல்லாரையும் 'சார்' என்பார். தபால்காரரும் சார், கடன் கேட்டு வந்தவரும் சார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "வாங்க சார், உட்காருங்க" என்றால் எழுந்து நிற்பதே நல்லது. கதையைத் தானே படிக்க மாட்டார். என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். கேட்கும்போது கையில் சிவப்புப் பென்சில். நான் வானத்தை வருணிக்கத் தொடங்கினால் பென்சிலால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். வானம் போய்விடும். நிலவுக்கு இன்னொரு தட்டு. "மூணாவது வரியில கலம் எறங்கியிருக்கணும் சார். ஜனங்க பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் படிக்கிறாங்க."

இதழ் கட்டும் முறையையும் சொல்லிவிட வேண்டும். நான் சறுக்கியது அங்கேதான். தட்டச்சு செய்த கதை பளபளப்பான தாளில் நீளமாக வரும். அதை வெட்டிப் பக்க அட்டையில் ஒட்டுவோம். கடைசி நேரத்தில் விளம்பரம் பெரிதாகிவிட்டால் கதை குறைய வேண்டும். நல்ல முறை, நடுவில் நாலு இடத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து, மறுபடி தட்டச்சுக்கு அனுப்பி, புதுத் தாள் வாங்கி ஒட்டுவது. சோம்பேறி முறை, பிளேடை எடுத்து அடியிலிருந்து மூன்று வரியைச் சீவுவது.

பக்கத்தை ஏற்று ஏழெட்டு வருடம் ஆகியிருந்தபோது அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு கதை வந்தது. குழந்தைகளின் நாலுகோட்டு நோட்டில் கிழித்த தாள். எழுதியவர் ஜரீனா என்ற பெண். கதை ஒரு சிறுமி சொல்வதுபோல இருந்தது. முன்பு எதுவும் அனுப்பியதில்லை. அதை ஆசிரியருக்கு நான் படித்துக் காட்டவில்லை. அந்த வாரம் அவர் மகளின் பிரசவத்துக்காகத் திருச்சியில் இருந்தார். நானே தேர்ந்தெடுத்தேன். தட்டச்சாகி ஒட்டியும் ஆயிற்று. மதியம் இரண்டு மணிக்குக் காப்பித்தூள் கடையிலிருந்து ஆள் வந்து, பண்டிகைத் தள்ளுபடி சேர்க்க வேண்டும், கட்டம் பெரிதாக வேண்டும் என்றார். தட்டச்சு செய்யும் அம்மா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நான் பிளேடை எடுத்தேன்.

சீவியபின் எஞ்சியது, அந்த வாரம் அச்சான கதை, இதுதான்:

'வெள்ளைக் கலம் எங்கள் தெருவில் வந்து நின்றது. அதன் வயிற்றிலிருந்து ஒருவர் இறங்கினார். அவர்மேல் இந்தப் பூமியில் இல்லாத வாசனை. பெரியவர்கள் உடனே அவர் வசமாகிவிட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள். எங்கள் பாஷை அவருக்குத் தெரிந்திருந்தது. என் பெயர்கூடத் தெரிந்திருந்தது. மினுங்கும் தாளில் சுற்றிய இனிப்பைக் காட்டி என்னைப் பிடிக்கப் பார்த்தார். நான் படுக்கும் இடத்தில் அவர் படுத்தார். நாற்பது நாள் எங்கள் வீடு அவர் கையில் இருந்தது. நாற்பத்தோராம் நாள் கலம் திரும்ப வந்தது. அவர் ஏறிக்கொண்டார். நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.'

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்துபோகும் தகப்பனைப் பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் கதை. எனக்கு அது புரிந்தது. அதனால் எல்லாமே புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று வரி போனதும் கதை கூர்மையாகிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை. ஆக்கிரமிப்பாளனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தும் சிறுமி. சபாஷ் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். கை எட்டாத இடம், ஆனாலும் தட்டினேன்.

இதழ் வந்து நாலைந்து நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஒரு கையில் காப்பித்தூள், வெற்றிலை, வெட்டிவேர் எல்லாம் திணித்த பை; மறு கையில் எங்கள் இதழ், அரைப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து.

"நான் ஹாஜாங்க. அதிராம்பட்டினம். இந்தக் கதை எழுதினது எங்க வீட்டுல" என்றார். மனைவி என்று பொருள். நான் நாற்காலி காட்டினேன். உட்காரவில்லை.

"கடையில தொங்குச்சு. 'உங்க வீட்டுல கதை வந்திருக்கே'ன்னு கடைக்காரர் குடுத்தாரு. நான் படிச்சது அவளுக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு தெரியணும். இதுல நீங்க எதாச்சும் மாத்துனீங்களா, இல்ல அவ எழுதினதே இவ்வளவுதானா?"

"வீட்டுலயே கேக்கலாமேங்க."

"கேட்டா, 'அவங்க மாத்திட்டாங்க மச்சான்'னு சொல்லுவா. நெஜமா இருந்தாலும் அதான் சொல்லுவா, என் மனசு நோகக் கூடாதுன்னாலும் அதான் சொல்லுவா. எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு மூணு மணிக்குக் கார். ராவுல ஜித்தாவுக்கு விமானம். போனா ரெண்டு வருஷம்."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்தோ என்னவோ, மெதுவாக விளக்கினார்.

"எங்க ஊர்ல வீடு பொம்பளப் புள்ளைக்குத்தாங்க. கல்யாணம் ஆனா மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்குப் போய் இருக்கணும். இப்ப நான் எறங்குறது அவ வீடு. நாளைக்கு அது எம் மவ ரிஸ்வானா வீடு. அந்த வீட்டுக் கதவ அந்தப் புள்ள சாத்துதுன்னா..."

இதழை இன்னொரு மடிப்பு மடித்தார். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கதவு என்றால் கதவு. நாதாங்கி, தாழ்ப்பாள், அவ்வளவுதான். அந்த ஊரில் அந்தக் கதவை யார் சாத்தினால் என்ன பொருள் என்று யோசிக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது, கதை திருத்தப்பட்டதாகச் சண்டைக்கு வரும் எல்லா எழுத்தாளருக்கும் நான் ஒப்பிக்கும் வாசகம்.

"கதையின் போக்கை நாங்க மாத்துறதில்லைங்க."

அவர் தலையசைத்தார். "அப்ப சரிங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, திருச்சியிலிருந்து திரும்பியிருந்த ஆசிரியரின் குரல் வந்தது. "வாங்க சார். உட்காருங்க."

போய் நின்றேன்.

"அவரு என்ன கேட்டாரு சார்?"

"மாத்துனீங்களான்னு கேட்டாரு."

"மாத்துனீங்களா?"

"மூணு வரி எடுத்தேன் சார். எடம் பத்தல. போக்கு மாறல."

"மூலப்படி கொண்டாங்க."

அச்சான கதைகளின் மூலப்படிகளை ஒரு கம்பியில் குத்தி வைப்போம், ரேஷன் கடையில் ரசீது குத்துவதுபோல. பத்துப் பதினைந்து தாள்களுக்கு அடியில் இருந்தது. நடுவில் கம்பி ஓட்டை. ஆசிரியர், "படிங்க" என்றார். முதல் வரியிலிருந்து படித்தேன். பென்சில் ஒரு தடவைகூட மேசையைத் தட்டவில்லை. கதவைச் சாத்திய இடத்தில் என்னையறியாமல் நிறுத்தினேன்.

"இன்னும் இருக்கே சார்."

படித்தேன்: 'பிறகு ஜன்னலுக்கு ஓடினேன். அவருடைய கிரகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லாத் திசையிலும் கையை ஆட்டினேன்.'

ஆசிரியர் ஜன்னலைப் பார்த்தார். தெருவில் ஒருவன் பித்தளைக் குடத்தைத் தட்டி ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். குடம் சரியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

"இத்தன வருஷத்துல எத்தன கலம் எறக்கியிருப்போம் சார். திரும்பிப் போறவனுக்கு யாராச்சும் கைய ஆட்டியிருக்காங்களா?"

"இல்ல சார்."

"ஒரே ஒரு புள்ள ஆட்டுச்சு. அந்தக் கைய நீங்க வெட்டிட்டீங்க."

உடனே படியிறங்கி ஓடினேன். பேருந்து நிலையம் வரை போனேன். மன்னார்குடி வண்டி ஒன்று அப்போதுதான் வெளியே போய்க்கொண்டிருந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது ஆசிரியர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கதைகளுக்குத் திருத்தம் போடக் கூடாது என்பது அவர் விதி. கட்டுக்கதையில் தவறு என்று ஒன்று கிடையாது, போட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்பார். அன்று எழுதியது திருத்தம்: 'சென்ற இதழில் அரைப் பக்கக் கதையின் முடிவு எங்கள் தவறால் விடுபட்டது. கலம் புறப்பட்டபின் நடந்தது வருமாறு.' கீழே அந்த மூன்று வரி.

"இது வெள்ளிக்கிழமைதான் வரும். அவரு நாளைக்குப் போறாரு. நாம அச்சடிச்சத இன்னமே அவரு நம்பணும்னு என்ன இருக்கு? அந்தம்மா கையெழுத்த எடுத்துக்கிட்டு நீங்க போங்க சார்" என்றார். இந்த 'சார்' கொஞ்சம் மெத்தென்று இருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்குக் கிளம்பினேன். மன்னார்குடியில் இறங்கி ஏறி, பட்டுக்கோட்டையில் இறங்கி ஏறி, பன்னிரண்டரைக்குப் போய்விடலாம் என்பது கணக்கு. மன்னார்குடிக்கு வண்டியே பதினொன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், சாலை அகலத்துக்கும் அசைந்து அசைந்து போயிற்று. பட்டுக்கோட்டை வண்டி பாதியில் டயர் பஞ்சராகி நின்றது. ஜன்னலோரத்தில் அந்தத் தாளை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்றால், பக்கத்தில் இருந்தவர், "கோர்ட்டு நோட்டீசுங்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட, என்றேன்.

அதிராம்பட்டினத்தில் தாளின் பின்னால் எழுதியிருந்த முகவரியை விசாரித்து அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது மூன்று ஆக ஐந்து நிமிடம். கதையில் வந்த கலம் கண்ணெதிரே நின்றது. வெள்ளை அம்பாசிடர். மேலே கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள். வாசலில் உறவுக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஹாஜா காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "நீங்களா?" என்றார்.

வணக்கம்கூடச் சொல்லாமல் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தார். கடைசி வரியில் அவர் விரல் தங்கியது. மறுபடி மேலேயிருந்து படித்தார். மூன்றாம் தடவை நேரே கடைசிக்கு வந்துவிட்டார்.

"இது அவ கையெழுத்துதான். நீங்க வெட்டுனீங்களா?"

"நான்தாங்க."

"நேத்து இல்லைன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"ஏன் வெட்டுனீங்க?"

"எடம் இல்லைங்க. காப்பித்தூள் விளம்பரம் பெருசாப் போச்சு."

அவர் காரின் மேலே பார்த்தார். பிறகு சிரித்தார், நான் எதிர்பார்க்கவேயில்லை. "தள்ளுபடி போட்டிருந்தானே, அந்தத் தூள்தானே? மூணு கிலோ மேல கட்டியிருக்கேன். ரூம்ல இருக்கிறவங்க கேட்டாங்கன்னு."

வாசல் கதவுக்குப் பின்னால் முக்காடிட்ட ஒரு பெண் நின்றார். ஜரீனா என்று ஊகித்தேன். கணவர் கையில் இருக்கும் தாள் எது என்று அந்த நாலு கோட்டைப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல் அவரிடம் மட்டும் சொன்னார்.

"கதைன்னு ஒண்ணும் இல்ல மச்சான். போன பயணத்துல புள்ள செஞ்சத எழுதினேன். கதவச் சாத்திட்டு மேல ஓடி ஜன்னல்ல நின்னா. நீங்க திரும்பிப் பாக்கல."

"பாத்தா எறங்கிருவேன்னு பாக்கல."

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல ஸ்டீரிங்கைத் துடைத்தார்.

உம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து ரிஸ்வானா எட்டிப் பார்த்தாள். ஏழு வயது இருக்கும். ஹாஜா அவள் முன் குந்தி உட்கார்ந்தார். இஸ்திரி மடிப்பு கலைந்தது.

"வாப்பா இருக்கிற ஊரு எந்தப் பக்கம்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"உம்மா கூடத் தொழுவும்போது எந்தப் பக்கம் திரும்பி நிப்ப?"

சிறுமி யோசிக்கவேயில்லை. கையை நீட்டிக் காட்டினாள். மேற்கே, தெருக்கோடி வீட்டு மாடிக்கும் அதன் பின்னால் தெரிந்த தென்னைகளுக்கும் மேலே.

"அதே பக்கந்தான். மக்காவுக்குப் பக்கத்துலதான் ஜித்தா. நேரா அங்கதான் வாப்பா இருக்கேன்."

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். வாப்பாவைப் பார்த்தாள். மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஹாஜா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூலப்படிகள் அலுவலகத்தின் சொத்து. திருப்பிக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

கவிநிலா கேட்டது கட்டுரை. அதில் ஒரு உபயோகமான வரியாவது இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: இடம் பத்தவில்லை என்றால் வானத்தை வெட்டுங்கள், நிலவை வெட்டுங்கள், விளம்பரக்காரரிடம் சண்டை போடுங்கள். அடியிலிருந்து வெட்டாதீர்கள். கைபேசியில் பிளேடு இல்லை, ஆனால் சோம்பல் எல்லாக் கருவியிலும் வேலை செய்யும்.

கார் கிளம்பியது. இந்த முறை ரிஸ்வானா கதவைச் சாத்தவில்லை, ஜன்னலுக்கும் ஓடவில்லை. தெரு நடுவில் வந்து நின்றாள். பிரதான சாலைக்குப் போக அந்தத் தெருவில் கிழக்கேதான் போக வேண்டும். கார் கிழக்கே போயிற்று. அவள் அதைப் பார்க்கவே இல்லை. மேற்கே திரும்பி, தென்னைகளுக்கு மேலே, கை வலிக்கும்வரை ஆட்டினாள்.

ஹாஜா இந்த முறை திரும்பிப் பார்த்தார். பின் கண்ணாடியில் அவர் முகம் சிறிதாகிச் சிறிதாகி மறையும்வரை, மகளின் முதுகையே பார்த்துக்கொண்டு போனார்.